பக்கம் முப்பத்தெட்டு

தென்னையில் தேள் கொட்டப்
பனையில் நெறி கட்டும் என்பார்கள்.
தம்பரே நகரில் தென்னையுமில்லை, பனையுமில்லை.
அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு வங்கி விழுந்த திங்கட்கிழமை
பிர்ச் மரங்கள் வழக்கம்போல் மஞ்சளித்து நின்றன.
நெறி கட்டியது
ஹில்க்காவின் கணினித் திரையில்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவுப்பணி அவளுக்கு.
பதினோரு வருடச் சேமிப்பு
இரண்டு சின்ன நிறுவனங்களில்:
கப்பல் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்யும் வெசிலுக்கோ,
பனிச்சறுக்குக் காலணிக்குப் பூட்டு செய்யும் லுமிபோல்கு.
பெரிய பத்திரிகைகளுக்கு
இரண்டின் பெயரும் தெரியாது.

வெசிலுக்கோ ஒன்பது யூரோ நாற்பது.
ஏழு.
நான்கு தொண்ணூறு.
அப்புறம் விலை என்று ஒன்றே இல்லை.
விற்கிறேன் என்று எழுபது பேர் நிற்க
வாங்குகிறேன் என்று ஒரே ஒருவர்,
மூன்று யூரோவுக்கு, நாற்பது பங்கு.
யார் அந்த ஒருவர்?
குசும்பனா, குருடனா,
அவளைப்போலவே
தூங்க வேண்டிய பகலில் விழித்திருப்பவனா?

தொலைக்காட்சியில் டை கட்டியவர்கள்
உலகம் என்றார்கள், சந்தை என்றார்கள்,
நம்பிக்கை என்று பலமுறை சொன்னார்கள்.
ரப்பர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தம்பி எர்க்கி கூப்பிட்டான்.
"வித்துத் தொலை. மிச்சமாவது மிஞ்சும்."
அதிலும் நியாயம் இருந்தது.
வீடு எரியும்போது
ஜாடியில் உப்பு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

அவள் பார்த்தாள்.
சலவைக்கூடம் அவளுக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான்:
கறை வேறு, கிழிசல் வேறு.
அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.
கறையை வெந்நீர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்டறிக்கைகள்.
வண்ணப்படங்களைத் தாண்டி, தலைவரின் புன்னகையைத் தாண்டி
பொடி எழுத்தில் பக்கம் முப்பத்தெட்டு:
யாருக்குத் தரவேண்டும், எவ்வளவு, எப்போது.
வெசிலுக்கோவுக்குக் கடன் கொஞ்சம், தவணைக்கு நான்கு வருடம்.
லுமிபோல்குவுக்கு நாற்பது லட்சம் யூரோ,
வருகிற மார்ச்சில்.

மார்ச்சில் எந்த வங்கி கதவைத் திறக்கும்?

ஆறுக்கு வாங்கியதை
எண்பது சென்ட்டுக்கு விற்றாள்.
அன்றிரவு நானூறு போர்வை துவைத்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.
(மே மாதம் அந்தத் தொழிற்சாலை வாசலில்
பூட்டு செய்கிறவர்களின் வாசலில்
வேறு யாரோ செய்த பூட்டு தொங்கியது.)

சனிக்கிழமை பேருந்தேறி ராவ்மா போனாள்.
வெசிலுக்கோவின் வேலிக்கு வெளியே நின்றாள்.
சுட்ட ரப்பர் நாற்றம்.
அந்த நாற்றம் அத்தனை இதமாக
இதற்குமுன் யாருக்கும் இருந்திருக்காது.
புகைக்க வெளியே வந்தவரிடம் கேட்டாள்:
"இன்னிக்கும் வேலையா?"
"கொரியாவுக்குப் போகணும். ஜனவரிக்குள்ள."
"அதுக்கப்புறம்?"
அவர் வானத்தைப் பார்த்தார், சாம்பலைத் தட்டினார்.
"அதுக்கப்புறம் பிப்ரவரி."

துணிச்சல் என்று இதைச் சொல்ல முடியாது.
விற்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.
பிப்ரவரியில் இருபது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்;
புகைக்க வந்தவர் அதில் இருந்தாரா, தெரியாது.
இரண்டரை வருடம் அந்தப் பங்கு
பனியில் புதைந்த கார்போல அசையாமல் கிடந்தது.
எர்க்கி கேட்பதை நிறுத்திவிட்டான்.
பிறகு மெல்ல, யாரும் கவனிக்காதபோது,
ஆறு யூரோ.

அப்போதுதான் மத்தியதரைக் கடலோரம்
ஒரு நாடே கடனில் மூழ்கத் தொடங்கியது.
மறுபடியும் டைகள், மறுபடியும் உலகம்.
மறுபடியும் எர்க்கி.
"அறிக்கையில ஒரு பக்கம் பாத்துட்டு இருக்கேன்,
அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

விற்கிறேன் என்று ஐம்பத்திரண்டு பேர் நின்றார்கள்.
எதிர்ப்பக்கம் வெறுமை.
அவள் தட்டினாள்:
மூன்று யூரோ எழுபது. நாற்பது பங்கு.
திரையில் அந்த ஒற்றை வரி ஒளிர்ந்தது.
எங்கோ யாரோ அதைப் பார்த்து
குசும்பி என்று திட்டியிருக்கலாம்.

ஹில்க்கா திரைச்சீலையை இழுத்து
நண்பகலை வெளியே நிறுத்திவிட்டு
தூங்கப் போனாள்.